பிரேக் மிதித்த கால்

“போதும் அண்ணி, காலை எடுங்க” என்று வண்டிக்கு அடியிலிருந்து கொழுந்தனின் குரல் வந்தபோது அவள் வண்டிக்குள் இல்லை. ஷெட்டின் பக்கவாசல் படியில், கையில் டீ தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

தம்ளர் விரலைச் சுட்டது. மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல், இரும்பு முக்காலிகளின் மேல் அந்தப் பழைய கார் வண்டி உட்கார்ந்திருந்தது. முன்சக்கரத்துப் பக்கம் கொழுந்தனின் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. இருக்கை காலி.

“விடுங்கன்னு சொல்றேன்ல. பிடிச்ச பிடி அப்படியே நிக்குது பாருங்க.”

இரண்டு எட்டு வைத்து எட்டிப் பார்த்தாள். பிரேக் பெடல் தரைப்பலகையை ஒட்டி அழுந்திக் கிடந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மேலே வந்தது. ஸ்பிரிங் இழுத்து வெடுக்கென்று வரவில்லை. சொன்ன சொல் கேட்டு ஒருவர் காலைத் தூக்கினால் எப்படி வருமோ அப்படி வந்தது.

“ஆங், அவ்வளவுதான்” என்றான் கொழுந்தன். “ஆனாலும் அண்ணி, நீங்க ஏறி உட்கார்ந்ததுல வண்டியே ஒரு ஆட்டம் ஆடிடுச்சு. எடை கிடை போட்டுட்டீங்களா?”

ஏழு மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆகிவிட்ட பொம்பளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவள் சிரிக்கவில்லை. துரு, என்று சொல்லிக்கொண்டாள். ஏழு மாதம் பூட்டிக் கிடந்த ஷெட், ஏழு மாதம் எண்ணெய் காணாத ஸ்பிரிங். அவன் அடியில் எதையாவது இழுத்திருப்பான், பெடல் கீழே போயிருக்கும், சிக்கி நின்று மெதுவாக வந்திருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் ஏறி உட்கார்ந்து காலைப் பெடலில் வைத்தாள்.

பெடலின் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வண்டியின் பெயர் மாமனார். வைத்தவர் அவள் புருஷன். அவளுடைய அப்பா ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுக்காரர்கள் பழைய இரும்புக்குப் போடவிருந்த வண்டியைக் கேட்டு வாங்கி வந்து, மகளோடு சேர்த்து மருமகன் கையில் ஒப்படைத்தார். “பொண்ணையும் கொடுத்து, கூடவே தானும் வந்துட்டாருய்யா என் மாமனார்” என்று அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். புகை கக்கினால் மாமனாருக்கு இருமல். கிளம்பாவிட்டால் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம். லீவு நாளென்றால் மாமனாருக்குக் கால் பிடித்துவிடப் போகிறேன் என்று அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

இந்தக் காலத்து வண்டியில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எண்ணெய் ஓடுகிறது. மாமனாருக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. பெடலை மிதித்தால் குறுக்கே கிடக்கிற ஒரு தண்டு திரும்பும். அந்தத் தண்டிலிருந்து சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு ராடுகள் போகும். அவை இழுத்தால்தான் பிரேக். நான்கும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும், ஒன்று முந்தினாலும் வண்டி பக்கவாட்டில் கோணிக்கொண்டு ஓடும். அதனால் ஒருத்தர் பெடலைக் கால்வாசி, அரைவாசி என்று மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்து, ராடின் நுனியை அரைச்சுற்று கால்சுற்று திருகி, பின்னைப் போட்டு மாட்ட வேண்டும். இரண்டு ஆள் வேலை. ஊரில் மற்றவர்கள் இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ஒற்றை ஆளாகவே செய்துவிடுவார்கள். அவருக்கு அது ஆகாது.

“கட்டைக்கு என்ன தெரியும்? உன் கால் இருக்கே டைலரம்மா, அது மிஷின்ல படிச்ச கால். நூலளவு சொன்னா நூலளவு மிதிக்கும்” என்பார்.

அவள் தையல்காரி. இருபது வருஷமாக வாசல் அறையில் மிஷின் மிதித்த கால் அது. அவர் டைலரம்மா என்று கூப்பிடும்போது அந்தக் காலுக்கே ஒரு கர்வம் வந்துவிடும். அடியிலிருந்து ஸ்பேனரால் பலகையை இரண்டு தட்டு தட்டினால் மிதி. ஒரு தட்டு தட்டினால் விடு. பேச்சே தேவையில்லை. அப்படி ஒரு ஜோடி.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவர் இதே வண்டிக்கு அடியில் செத்துப்போனார். முக்காலிகளை எடுத்தாகிவிட்டது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கினால்தான் ராடின் சரியான அளவு தெரியும் என்று கடைசியாக ஒருதரம் அடியில் போனார். ஷெட்டின் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சாய்வாகப் போட்டது. கைபிரேக்கும் அதே ராடுகளைத்தான் இழுக்கும் என்பதால் அதைக் கழற்றி வைத்திருந்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் கால் ஒன்றுதான்.

“மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன். பிடிக்கல” என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள்.

அது பொய். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், எழுபது சீருடை, மூன்று ராத்திரியாகப் பொட்டுத் தூக்கம் கிடையாது. இருக்கை மெத்தென்று இருந்தது, வெயில் இதமாக இருந்தது, அடியில் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த சத்தம்கூட இதமாக இருந்தது. கண்ணை மூடித் திறந்தாள். திறந்தபோது எதிர்ச்சுவர் தள்ளிப் போயிருந்தது. நான்கடிகூட இருக்காது. கால் பெடலில் இல்லை. பக்கத்தில், பலகையில், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிடந்தது.

தூங்கிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அன்று சொல்லாதது மறுநாள் இன்னும் கனத்தது, பதினாறாம் நாள் மலையாகிவிட்டது. பிரேக் விட்டுவிட்டது என்றால் ராடு விட்டிருக்க வேண்டும். அன்று காலையில் ராடுகளை மாட்டிக் கொடுத்தது கொழுந்தன். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே கேட்டுக்கொண்டான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் வேலையை விட்டான். இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். சொந்தப் பிள்ளையைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளக்கூடப் பயப்படுகிறான். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு முறை அவன் வரும்போதும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாள். அவளுக்கும் தூக்கம் போய்விட்டது. படுப்பாள், கண் மூடும், மூடிய உடனே வலது கால் உதறி எழுப்பிவிடும்.

இன்று காலையில் அவன் சாவியைக் கேட்டு வந்து நின்றான். “எந்தப் பின் விட்டுச்சுன்னு என் கண்ணால பார்க்காம எனக்கு உயிரே போகாது அண்ணி.”

மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் முதலில் ஒன்றிரண்டாக விழுந்து, பிறகு சோவென்று கொட்டத் தொடங்கியது. மூன்று மணிக்கே ஷெட் மங்கிவிட்டது. கொழுந்தன் அடியில் வைத்திருந்த கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் தரைப்பலகையின் இடுக்குகள் வழியாகக் கோடு கோடாக மேலே வந்து அவள் பாதத்தில் விழுந்தது. மண்ணெண்ணெய் வாசனை, பழைய ரப்பர் வாசனை, அதற்கும் அடியில் ஈர இரும்பின் வாசனை. அவள் மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டாள்.

“கால்வாசி மிதிங்க.”

மிதித்தாள். முன்சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பிரேக்கின் தகடு டிரம்மில் லேசாக உரசும் சத்தம். ஸ், ஸ், ஸ் என்று ஒரே தாளத்தில். சுற்றி நின்றது.

அதற்குள் பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவன் அவ்வளவு விரைவாகப் பின்னால் நகர்ந்துவிட்டானா என்று நினைக்கும்போதே முன்சக்கரமும் மறுபடி சுற்றியது. இரண்டும் ஒன்றாக. முன்னால் இடதுபக்கம். பின்னால் வலதுபக்கம். ஒரு மனிதன் கை எட்டுகிற தூரமா அது?

“தம்பி.”

“ம்?”

“நீ எந்தச் சக்கரத்தைச் சுத்துற?”

“முன்னாடி இடது. ஏன் அண்ணி?”

“ஒண்ணுமில்ல.”

பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, பொறுமையாக, உரசலைக் காது கொடுத்துக் கேட்கிறவர் சுற்றுவது போல. பிறகு நின்றது.

சிறிது நேரம் கழித்துக் கொழுந்தன் வெளியே ஊர்ந்து வந்தான். முகமெல்லாம் கரி. தரையிலேயே உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. இருந்தும் விரித்துக் காட்டினான்.

“நாலு பின்னும் இருக்கு அண்ணி. போட்டது போட்டபடி இருக்கு. ஒண்ணுகூட விடல.”

இதோ, இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

“ஆனா ஒண்ணு” என்று அவன் முந்திக்கொண்டான். தலையைக் குனிந்தபடியே பேசினான். “அன்னைக்குக் காலையில ஒரு தப்புப் பண்ணினேன். பிரேக் தகடு தேஞ்சிருந்தா சக்கரத்துக்கிட்டதான் சரி பண்ணணும், ராடைத் தொடவே கூடாதுன்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொல்லும். எனக்கு வேலைக்கு நேரமாயிடுச்சு. நாலு ராடையும் மூணு மூணு சுத்து சுருக்கி மாட்டிட்டுப் போயிட்டேன். அப்படிப் பண்ணினா மிதிக்கறப்ப பிரேக் நல்லாப் பிடிச்ச மாதிரியே இருக்கும். ஆனா பாரம் ஏறினா பலம் இருக்காது. அண்ணன்கிட்ட சொல்லவே இல்ல அண்ணி. அதான். அதேதான் கொன்னிருக்கு.”

“இல்ல தம்பி.”

“இறக்கி வச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிடும். அந்த மூணு சுத்தும் இன்னும் அப்படியேதான் இருக்கு, நான் கை வைக்கல” என்று சொல்லிக்கொண்டே எழுந்து, கையைத் துடைக்கத் துணி தேடிப் பக்கவாசல் வழியாக வெளியே போனான்.

அவள் இருக்கையில் உட்கார்ந்தே இருந்தாள். வாசலில், மழைச்சாரலுக்கு அந்தப்புறம், அவன் முதுகு நன்றாகத் தெரிந்தது. குழாயடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

டக், டக்.

பலகையில். அவள் பாதத்துக்கு நேர் கீழே.

குழாயடியில் அவன் இன்னும் குனிந்தே இருந்தான். கைவிளக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. இடுக்குகளில் வந்த வெளிச்சக் கோடுகளில் ஒன்று மறைந்து, மறுபடி வந்தது. அடியில் எதுவோ புரண்டு படுத்தது.

டக், டக்.

பயந்தாள். ஓடிவிடலாமா என்று உடம்பு துடிக்கிற அளவுக்குப் பயந்தாள். ஆனால் கால் இருக்கிறதே, அது அவளைக் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். மிதித்தது.

சக்கரம் சுற்றியது. ஸ், ஸ், ஸ்.

டக்.

விட்டாள்.

“என்னங்க” என்றாள். ஏழு மாதமாகச் சொல்லாத சொல் அது. சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. “நீங்களா?”

ஒரு பின்னைக் கழற்றும் கிறீச்சிடல் கேட்டது. கழற்றிய பின்னைத் தரையில் வைக்கும் ஓசை. எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டும் ஓசை. ஏதோ தேடுகிறார். எதைத் தேடுகிறார் என்பது அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

கொழுந்தன் உள்ளே வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. அவன் ஜாக்கியைப் போட்டு ஒவ்வொரு முக்காலியாக எடுக்கத் தொடங்கினான். வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம், இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவள் என்னென்னவோ சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. வண்டி ஒவ்வொரு மூலையாகத் தாழ்ந்தது. கடைசி மூலையும் இறங்கியபோது மாமனார் பெருமூச்சு விட்டதுபோல ஸ்பிரிங்குகள் முனகின. தரையின் சாய்வு அவள் முதுகில் தெரிந்தது. வண்டியின் எடை மொத்தமும் அவள் வலது காலுக்கு வந்துவிட்டது.

“அப்படியே மிதிச்சுக்கங்க அண்ணி. எடுத்துடாதீங்க.”

“சக்கரத்துக்குக் கட்டை போடு தம்பி. கட்டை போடாம அடியில போகாதே.”

அவன் ஏதோ சொன்னான். மழையில் கேட்கவில்லை. பிறகு சட்டைத்துணி சிமென்டுத் தரையில் உரசிக்கொண்டு நகரும் ஓசை. அடியில் மூச்சுவிடும் ஓசை. போய்விட்டான். கட்டை போட்டானோ இல்லையோ, போய்விட்டான்.

இனியும் சொல்லாவிட்டால் அவள் மனுஷியே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“ராடு இல்ல. பின் இல்ல. எதுவுமே விடல. பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு. நான்தான் காலை எடுத்துட்டேன். தூங்கிட்டேன். மூணு நாளாக் கண்ணு மூடல, உட்கார்ந்தவ அப்படியே தூங்கிப் போயிட்டேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். உன்னை ஏழு மாசமா வேக வச்சேன். நான்தான் கொன்னேன். என் கையால இல்ல, காலால கொன்னேன்.”

அடியில் மூச்சு நின்றது.

மழை மட்டும்.

ஸ்பேனர் தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. மெதுவாக. பத்திரமாக.

“அப்ப, நீயா?”

கொழுந்தன் அவளை நீ என்று கூப்பிட்டதே இல்லை. அது அவன் குரலும் இல்லை.

“அண்ணி! யார்கிட்ட பேசுறீங்க?”

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால், பெரிய வாசலின் ஷட்டர் ஓரம், கொழுந்தன் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தான். கை வெறுங்கையாக இருந்தது. “கொல்லைல கட்டை தேடிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? எல்லாத்தையும் கரையான் அரிச்சிருக்கு. தொட்டா மண்ணா உதிருது. பரவால்ல விடுங்க. அன்னைக்கும் கட்டை இல்ல. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

“கிட்ட வராதே!” என்று கத்தினாள். “அடியில போகாதே தம்பி, உன் பிள்ளை மேல ஆணை. அடியில...” உன் அண்ணன் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடிந்ததைச் சொன்னாள். “நான் தூங்கிட்டேன்டா. அன்னைக்கு நான் தூங்கிட்டேன். அதான் வண்டி உருண்டுச்சு. உன் தப்பு ஒண்ணுமே இல்ல.”

அவன் வண்டியருகே வந்து நின்றான். மழைத்தண்ணீர் சொட்டும் முகத்தோடு அவளைப் பார்த்தான்.

“எனக்காகவா அண்ணி இப்படிச் சொல்றீங்க?”

“சத்தியமா.”

“வேணாம் அண்ணி. என் பாவத்தை எடுத்து உங்க தலையில போட்டுக்காதீங்க. உங்க கால் தப்புப் பண்ணாது. அண்ணனே சொல்லும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ரெண்டே நிமிஷம். மிதிச்சுக்கிட்டே இருங்க.”

அவள் எழுந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள். எப்படி எழுவது? கைபிரேக் அன்று கழற்றியபடியே கிடந்தது, காலை எடுத்தால் வண்டி உருளும். கத்தினாள், கெஞ்சினாள், பெயரைச் சொல்லி அழுதாள். அவன் மல்லாந்து படுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் நுழைந்து, உள்ளே போய்விட்டான்.

உயிரோடு இருக்கிறவன் நம்பவில்லை. செத்தவர் நம்பிவிட்டார்.

அடியில் ஒரே ஒரு ஆளின் மூச்சுதான் கேட்டது. அது கொழுந்தனுடையது. அப்படியென்றால் இன்னொருவர் அங்கே இல்லை.

பக்கத்துக் கதவின் கைப்பிடி திரும்பியது.

அவள் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தாள். கதவு திறந்தது. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் முனகிக்கொண்டு தாழ்ந்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கரி போக்க அவர் தேய்த்துக்கொள்ளும் முரட்டுச் சோப்பின் வாசனை. மண்ணெண்ணெய். ஈர இரும்பு. அந்த வாசனையை முகர்ந்ததும் பயத்துக்கு நடுவிலும் அவள் மனசு, பாழாய்ப் போன மனசு, வந்துவிட்டீர்களா என்று உருகியது.

கடைக்கண்ணில் நீலச்சட்டை தெரிந்தது. அவள் தைத்த சட்டை. மார்பு இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே போயிருந்தது. பள்ளமாக.

“ஏழு மாசமா அந்தப் பின்னைத் தேடிக்கிட்டிருந்தேன் டைலரம்மா” என்றார். கோபமே இல்லை. களைத்துப்போன குரல். “நாலையும் கழட்டிக் கழட்டி மாட்டினேன். என் வேலையிலதான் ஏதோ தப்புன்னு நினைச்சேன்.”

“மன்னிச்சிடுங்க.”

“அதுக்கென்ன.” தலைமுடியை ஒரு கை ஒதுக்கியது. குளிர்ந்த கை. “கண்ணைப் பாரு, எப்படிக் குழி விழுந்திருக்கு. தூங்கியே எத்தனை நாளாச்சு? தூங்கு. நான் மிதிச்சுக்கறேன்.”

“வேணாங்க. தம்பி அடியில இருக்கான்.”

“தெரியும்.”

“என்னங்க...”

“தெரியும்மா. தூங்கு.”

ஒரு வெறுங்கால் பலகையில் ஊர்ந்து வந்தது. அவள் பாதத்தின் பக்கத்தில் நின்றது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பெடலிலிருந்து விலக்கியது. முரட்டுத்தனமாக இல்லை. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து எதையாவது எடுப்பார்களே, அப்படி. அவள் மிதித்தாள். பலம் கொண்ட மட்டும் மிதித்தாள். தன் கால் எது, அந்தக் கால் எது என்று தெரியாமல் போயிற்று. குளிர் முழங்கால்வரை ஏறியது. அதன் பின்னால் தூக்கம் வந்தது. ஏழு மாதத் தூக்கம், மொத்தமாக, இனிப்பாக.

“அண்ணி!” அடியிலிருந்து கொழுந்தன் கூவினான். “அண்ணி, பிடிச்சிருக்கு! பாரம் ஏறியும் பிடிச்சிருக்கு! மூணு சுத்து சுருக்கியும் கல்லு மாதிரி நிக்குது! என்னால இல்ல அண்ணி! அண்ணன் செத்தது என்னால இல்ல!”

சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் சிரிக்கிற சத்தம்.

வெளியே வா என்று சொல்ல நினைத்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. அவள் தலை சாய்ந்தது. அவர் தோளில் சாய்த்துக்கொண்டார். கன்னம் அந்தப் பள்ளத்தில் பதிந்தது. உள்ளே எதுவும் துடிக்கவில்லை.

அவருடைய கால் பெடலில் இருக்கிறதா?

கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருதரம். ஒரே ஒருதரம்.

இமை தூக்க முடியவில்லை. தொட்டிலை ஆட்டிவிட்டதுபோல வண்டி லேசாக அசைந்தது. அடியில் கொழுந்தன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.